62 அடி போட்டுக்கு புது வயர்லெஸ், ஏ.ஐ.எஸ், டிரான்ஸ்பாண்டர்: எதுக்கு முதல்ல பைசா போட?

வள்ளவிளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க போட் 62 அடி, மரபோட், தேங்காப்பட்டணத்துல கெடக்கு. ஜூலை 31 தடைகாலம் முடியுறதுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் வேலையெல்லாம் முடிச்சிரணும்னு அப்பா சொல்லியாச்சு. இப்போ இருக்கது பேசுறதுக்கு பழைய வி.எச்.எஃப் வயர்லெஸ் செட் ஒண்ணு, ஜி.பி.எஸ், ஆழம் பாக்குற எக்கோ, போட் எங்க நிக்குதுன்னு சொல்லுற, அரசாங்கம் தந்த டிரான்ஸ்பாண்டர். செட்டுல அடுத்தவன் பேசுறது நல்லா கேக்கும். நாம பேசினா பக்கத்து போட்டுக்கே விட்டுவிட்டுத்தான் போவுது. ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயித்துல வரிசையா தூண்டில் கெட்டி விடுறது) தான் தொழில், சூரையும் சுறாவும். லட்சத்தீவு தாண்டியும் போவோம்.

கடைக்காரர் ஒருத்தர் 25 வாட் புது செட்டும், நாம நிக்கிற இடத்த சுத்தி உள்ள கப்பலுக்குத் தானா சொல்லுற ஏ.ஐ.எஸ்-ஸும் சேத்து தாறேன்ங்கார். மச்சான் சொல்லுறான், டிரான்ஸ்பாண்டர் இருக்கும்போ ஏ.ஐ.எஸ் எதுக்கு, அந்தப் பைசாவுக்கு ஐஸ் ஏத்துன்னு. யாரு சொல்றத கேக்க?

ஏரியல்அண்ணன்

தம்பி, செட்டுக்கு விலை கேக்க முன்னாடி ஆன்டெனாவுல இருந்து செட்டு வரைக்கும் கேபிளைக் கையால தடவிப் பாத்துட்டு வா. கேக்குது, ஆனா பேசினா போவலன்னா செட்டு மேல பழி போடுறதுக்கு முன்ன பாக்க வேண்டியது அந்த வழியத்தான். கேபிள் 5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒல்லியா இருந்தா அது ஆர்.ஜி.58. வி.எச்.எஃப்ல அது 15 மீட்டர் ஓடினா உன் 25 வாட்ல பாதி கேபிளுக்குள்ளயே சூடாகித் தீந்துரும். ஆர்.ஜி.213 விரல் தடிமன் இருக்கும், அதே தூரத்துக்கு கால் பங்குதான் வீணாவும். செட்ட மாத்தாம கேபிள மட்டும் மாத்தி நல்லா பேசுற போட் முட்டத்துல உண்டு.

ஆன்டெனாவுக்குப் போற சக்தி எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் இல்லாம புது செட்டு மாட்ட வாற ஆளத் திருப்பி அனுப்பு. 1.5-க்கு உள்ள நின்னா சந்தோசம். 3-க்கு மேல போனா மைக்க அமுக்காத, செட்டோட அவுட்புட் போயிரும்.

நாகர்கோவில்_ஹாம்

ஏரியல்அண்ணன் சொல்வதோடு ஒன்று. வாட்டைக் கூட்டினால் தூரம் கூடும் என்று கடலில் எல்லோரும் நினைக்கிறார்கள். வி.எச்.எஃப் அலை பூமியின் வளைவைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. ஆகவே கணக்கு உயரத்தில்தான். இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 2.25-ஆல் பெருக்குங்கள். வருவது நாட்டிக்கல் மைல்.

உங்கள் ஆன்டெனா 8 மீட்டர் உயரத்தில் இருந்து, எதிர்ப்படகிலும் அப்படியே இருந்தால் 13 மைலுக்குக் கொஞ்சம் கீழே. எதிரே வருவது 36 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த கப்பல் என்றால் 20 மைல். அதே ஆன்டெனாவைக் கேபின் கூரையில் 4 மீட்டரில் வைத்தால் படகுக்குப் படகு 9 மைல்தான். கைசெட்டை டெக்கில் நின்று பிடித்தால் இன்னொரு கைசெட்டோடு ஆறு மைலுக்குச் சற்று மேல், அதுவும் அலை இல்லாத நாளில்.

கடையில் 9 டி.பி. (சக்தியைக் குவிக்கும் அளவு) என்று நீளமான ஆன்டெனா காட்டுவார்கள். அது சக்தியைப் பட்டையாகக் குறுக்கி அடிவானத்தை நோக்கி அனுப்பும். படகு உருளும்போது அந்தப் பட்டை ஒரு முறை தண்ணீரிலும் மறுமுறை வானத்திலும் போய் விழும். ஆடி மாதக் கடலில் போகிறவர்களுக்கு 3 அல்லது 6 டி.பி. போதும்.

சின்னமுட்டம்77

மச்சான் சொன்னதுதான் சரின்னு நான் சொல்லுவேன். 20 மீட்டருக்கு மேல உள்ள போட்டுக்குத்தான் ஏ.ஐ.எஸ் கட்டாயம். உங்க 62 அடி 19 மீட்டருக்குள்ள வரும். பொறவு எதுக்கு வம்ப விலைக்கு வாங்க? ஏ.ஐ.எஸ் போட்டா நீங்க எங்க நிக்கீங்கன்னு எல்லாவனுக்கும் தெரியும். சூரை பட்ட இடத்துல மறுநாள் இருபது போட் வந்து நிக்கும்.

பறவைக்கண்

நான் கடல்காரன் இல்லை. ஊர் குளச்சல், வேலை விமானப் பராமரிப்பு. சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான் என்பதால் நுழைகிறேன்.

விமானத்தில் ரேடியோ வேறு, டிரான்ஸ்பாண்டர் வேறு. ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏ.எம். அதில் விமானி பேசுவார். டிரான்ஸ்பாண்டர் பேசாது. தரையில் இருக்கும் ராடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி அனுப்பும், இது 1090-ல் நாலு இலக்க எண்ணையும் உயரத்தையும் பதிலாகக் கொடுக்கும். ஆபத்து என்றால் 7700, ரேடியோ செத்துவிட்டால் 7600. பிற்பாடு ஏ.டி.எஸ்-பி வந்தது. அது யாரும் கேட்கும்வரை காத்திருக்காது. தன் ஜி.பி.எஸ் நிலையைத் தானே திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் பறக்கும் விமானமும் அதைக் கேட்கும்.

உங்கள் ஏ.ஐ.எஸ் அந்த ஏ.டி.எஸ்-பி-யின் சகோதரன். அரசு தந்த பெட்டி அப்படியல்ல. அது மேலே செயற்கைக்கோளுக்குச் சொல்லும், செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லும். உங்கள் மேல் ஏறப்போகிற கப்பலின் மாலுமிக்கு அது எதுவும் சொல்லாது. விமானம் வாங்குகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, 'உங்களை யார் பார்க்க வேண்டும்?' என்பது. பெட்டியின் பிராண்ட் அப்புறம்தான்.

இன்னொன்று. இணையத்தில் விமானக் கைசெட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று கடலுக்கு வாங்கிவிடாதீர்கள். அலைவரிசையும் வேறு, முறையும் வேறு. கடலில் எஃப்.எம்.

வள்ளவிளைக்காரன்

அப்போ டிரான்ஸ்பாண்டர் கப்பலுக்குத் தெரியாதா? கப்பல்காரன் பாத்துட்டுத்தான் ஒதுங்கிப் போறான்னு எங்க போட்டுல எல்லாரும் நம்பிட்டிருக்கோம்!

நாகர்கோவில்_ஹாம்

தெரியாது. அரசு தந்தது இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர். 2015 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-6 வழியாக எஸ்-பேண்டில் பேசும். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் பணியை 2024 ஆகஸ்ட் 30-ல் பால்கரில் தொடங்கி வைத்தார்கள். புளூடூத்தில் செல்போனோடு இணைத்து நபமித்ரா செயலியில் செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து பதிலும் வரும். புயல் எச்சரிக்கை வரும், எல்லை தாண்டினால் சொல்லும், ஆபத்துப் பொத்தான் உண்டு. நல்ல கருவி. ஆனால் குரல் போகாது, பக்கத்துக் கப்பலுக்கும் தெரியாது.

ஏ.ஐ.எஸ் வேலை செய்வது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில், உங்கள் வயர்லெஸ் இருக்கிற அதே வி.எச்.எஃப் பகுதி. அதனால்தான் அதற்கும் உயரக் கணக்கு அப்படியே பொருந்தும். பெரிய கப்பலில் இருப்பது ஏ வகுப்பு, 12.5 வாட். நமக்கு பி வகுப்பு. அதிலும் இரண்டு. 2 வாட்டில் 30 நொடிக்கு ஒரு முறை சொல்வது ஒன்று; 5 வாட்டில், ஓடுகிற வேகத்தைப் பொறுத்து இன்னும் அடிக்கடி சொல்வது மற்றொன்று. விலை கட்டுமானால் 5 வாட். கப்பல் நெரிசலான இடத்தில் அதற்கு அலைவரிசையில் பேச இடம் கிடைக்கும், 2 வாட் பெட்டி காலி இடம் பார்த்துத்தான் பேசும்.

கச்சான்

சின்னமுட்டம் அண்ணே, சூரைக்குப் போட்டி வரும்னு சொன்னீங்க, அது நியாயந்தான். பி வகுப்புப் பெட்டியில அனுப்புறத மட்டும் நிறுத்துற சுவிட்ச் உள்ள மாடல் கிடைக்கும். நிறுத்தினாலும் வாற கப்பல் நமக்குத் தெரிஞ்சிட்டே இருக்கும். பகல்ல, ஆளுக முழிச்சி நிக்கும்போ, வேணும்னா அணைச்சுக்கிடுங்க. தூண்டில் விட்டுட்டு ராத்திரி ஒழுக்குல கெடக்கும்போ அணைச்சா அத நான் புத்தின்னு சொல்ல மாட்டேன். எஞ்சின் நிப்பாட்டி, ஒரு ஆளு அரைத் தூக்கத்துல காவலிருந்து, மத்தவனெல்லாம் படுத்துட்ட நேரம் அது.

2018 ஆகஸ்டுல கேரளா முனம்பத்துக்கு வெளிய கப்பல் அடிச்சு நம்ம மாவட்டத்து ஆளுக எத்தன பேரு போனான்னு மறந்தா போச்சு? வளைகுடாவுல இருந்து கொழும்புக்கும் மலாக்காவுக்கும் போற கப்பல் முழுக்க கன்னியாகுமரிக்குத் தெக்கால சுத்தித்தான் போவும். மரபோட் ராடார்ல ஒழுங்கா விழாது, அதுலயும் அலை எழும்புனா சுத்தமா இல்ல. மாஸ்டுல ஒரு ராடார் ரிஃப்ளெக்டரும் கெட்டு, அது பெரிய செலவில்ல.

சின்னமுட்டம்77

முனம்பத்துல போன ராமன்துறைக்காரங்க கதைய எனக்குச் சொல்லாண்டாம், அங்க சொந்தம் உண்டு. கப்பல்காரன் ஸ்கிரீனப் பாத்தாத்தானே? ஏ.ஐ.எஸ் வச்சா அவன் பாத்துருவான்னு என்ன உறுதி?

கச்சான்

உறுதி இல்ல. அதனாலதான் நம்ம பக்கத்து அலாரம். ஏ.ஐ.எஸ்-ஸ, கடல் படம் காட்டுற ஜி.பி.எஸ் பிளாட்டரோட இணைச்சா, எந்தக் கப்பல் எத்தன மைல் நெருக்கத்துல, எத்தன நிமிசத்துல தாண்டும்னு அது கணக்குப் போடும். ஒரு மைலுக்குள்ள வந்தா கூவணும்னு வச்சிட்டா காவல்காரன் எழும்பிருவான். கப்பலோட பேரு ஸ்கிரீன்ல நிக்கும். எல்லாரும் கேட்டுட்டு நிக்கிற 16-ஆம் சானல்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பான். 'ஷிப், ஷிப்'னு கூப்பிட்டா எவன் திரும்புவான்?

அதுக்காக 16-ல உக்காந்து மீன் வெல பேசுறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். கூப்பிட்டு முடிச்சா வேற சானலுக்கு மாறுங்க.

தூத்தூர்_ஸ்ராங்கு

எல்லாரும் பெட்டிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2017 நவம்பர் 30 நினைவிருக்கிறவன் வேறு ஒன்றையும் கேட்பான். ஒக்கி புயல் வந்தபோது கரையில் நின்றவனுக்கு எச்சரிக்கை எட்டியது. அதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே கரை விட்டுப் போனவனுக்கு யார் சொல்வது? சில போட்டுக்குச் செய்தி போனது வயர்லெஸ்ஸில்தான். ஒரு போட் கேட்டு, அடுத்த போட்டுக்குச் சொல்லி, அவன் அதற்கு அடுத்தவனுக்குச் சொல்லி. அந்தச் சங்கிலியில் ஒருவன் செட்டு பழுதாகிக் கிடந்தால் அவனுக்கு மேற்கே நின்றவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே தம்பி, உன் செட்டு உனக்கு மட்டும் இல்லை.

இனி தூரத்துக்கு வருவோம். ஜிசாட்-6-இன் வீச்சு இந்தியாவையும் அதைச் சுற்றிய கடலையும் நோக்கியது. நம்மாட்கள் ஓமன் பக்கம் போகிறார்கள், தெற்கே டியேகோ கார்சியா வரை போய்ப் பிடிபடுகிறார்கள். அந்தத் தொலைவில் அந்தப் பெட்டியை மட்டும் நம்பி நிற்காதே. அங்கே கை கொடுப்பது 406 மெகாஹெர்ட்ஸ் ஈபெர்ப், அதாவது செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி. உலகம் முழுக்க அதைக் கேட்கும் செயற்கைக்கோள்கள் உண்டு, நம்முடைய கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். போட் மூழ்கினால் தண்ணீரின் அழுத்தத்தில் தானாகக் கழன்று மிதந்து 48 மணி நேரம் கத்தும். பதிவு செய்யாமல் வைத்தால் யாருடைய போட் என்று தேடவே நேரம் போய்விடும்.

துராயா, இரிடியம் போன் யாராவது வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து தந்தால் வாங்காதே. இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. பி.எஸ்.என்.எல். வழியாக வரும் இன்மார்சாட் போன்தான் நமக்கு வழி.

பறவைக்கண்

ஸ்ராங்கு ஐயா சொன்ன ஈபெர்ப் பற்றி: சின்ன விமானத்தில் விழுந்தால் தானாக இயங்கும் கருவி ஒன்று உண்டு, அதுவும் இதே 406-தான், இதே செயற்கைக்கோள்கள்தான். இரண்டுமே 121.5-இலும் மெல்லியதாக ஒலித்துக்கொண்டிருக்கும். தேடிவரும் காவல்படையின் டார்னியர் விமானம் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டுதான் கடைசி சில மைல் நெருங்கும். சோதனை செய்கிறேன் என்று துறைமுகத்தில் அதை நிஜமாக இயக்கிவிடாதீர்கள். 'டெஸ்ட்' நிலை தனியாக இருக்கிறது.

வள்ளவிளைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஏரியல்அண்ணன் சொன்னபடி கேபிளத் தடவிட்டே போனேன். மேல கனெக்டர் பளபளன்னு இருக்கு. ஆனா கேபின் கூரைப் பலகைக்கு உள்ள, கேபிள் எட்டாம நடுவுல ஒட்டுப் போட்டுருக்கான். எப்பிடின்னா, உள் கம்பியையும் வெளி வலையையும் வீட்டு வயரு மாதிரி முறுக்கி, கறுப்பு டேப்பு சுத்தி. டேப்ப உரிச்சா வலை பொடிஞ்சு கையில வருது. முன்ன பொருத்தின ஆளு இப்போ ஊருலயே இல்ல.

இன்னொரு விசயம். ராத்திரி டெக்குல எல்.இ.டி. லைட்டு போட்டா செட்டுல இரைச்சல் வரும். அது எஞ்சினாலன்னு நினைச்சிருந்தோம், இப்போ எஞ்சின் ஓடாமலே வருது. பேட்டரி 24 வோல்ட்டு, செட்டுக்கு 12-க்கு எறக்குற கன்வெர்ட்டர் வழியா போவுது.

ஏரியல்அண்ணன்

கண்டுபிடிச்சிட்டியே! வி.எச்.எஃப் கேபிள முறுக்கி ஒட்டுறது குத்தம்னே சொல்லுவேன். முழு நீளமும் ஒரே ஆர்.ஜி.213 போடு, ரெண்டு பக்கமும் பி.எல்.259 கனெக்டர் சாலிடர் வச்சு. மேல தானே ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் டேப்ப இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல சாதா டேப்பு. உப்புக்காத்துக்கு நம்ம பக்கத்துல அதுவும் ஒரு வருசத்துக்கு மேல நிக்காது, அடுத்த தடைகாலத்துல அவுத்துப் பாரு.

லைட்டு காரியம்: எல்.இ.டி.க்கு உள்ள இருக்க சின்ன சுவிட்ச்சிங் சர்க்யூட்தான் இரைச்சல விடும். இப்பிடிப் பாரு. எல்லா லைட்டும் அணை. ஆளு பேசாத ஒரு சானல்ல வை. ஸ்குவல்ச்ச (இரைச்சல அடக்குற திருகு) திருப்பி இரைச்சல் சரியா அடங்குற இடத்துல நிறுத்து. இனி ஒவ்வொரு லைட்டா போடு. எதப் போட்டதும் செட்டு 'உஷ்ஷ்'னு தெறக்குதோ, அந்த லைட்டுதான் கள்ளன். லைட்ட எல்லாம் அணைச்சும் கரகரன்னா கன்வெர்ட்டர். அதே இரைச்சல் ஏ.ஐ.எஸ்-ஸயும் கேக்க விடாது, ஆனா அதுக்கு ஸ்பீக்கர் இல்லியா, உனக்குத் தெரியவே செய்யாது. கப்பல் ஆறு மைல்ல வந்த பொறவுதான் ஸ்கிரீன்ல வரும். மாட்டின லைட்ட மாத்து, இல்லன்னா ஆன்டெனாவ விட்டுத் தள்ளி வை.

செட்டு பேசும்போ 5, 6 ஆம்ப்பியர் இழுக்கும். கன்வெர்ட்டர் அதத் தாங்கணும். செட்டுக்கும் ஏ.ஐ.எஸ்-ஸுக்கும் எஞ்சின் ரூமுக்கு வெளிய, உசரத்துல, தனியா ஒரு 12 வோல்ட்டு பேட்டரி வச்சா இன்னும் நல்லது. வெள்ளம் ஏறும்போ மொத சாவுறது கீழ உள்ள பேட்டரிதான். அந்த நேரத்துலதான் மைக்கு வேணும்.

நாகர்கோவில்_ஹாம்

ஏ.ஐ.எஸ்-ஸையும் வயர்லெஸ்ஸையும் ஒரே ஆன்டெனாவில் 'டி' போட்டு இணைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. வேண்டாம். மைக் அமுக்கினால் 25 வாட்டும் ஏ.ஐ.எஸ்-ஸின் காதுக்குள் போகும். அதற்கென்று உள்ள ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள், அல்லது தனி ஆன்டெனா வைத்து இரண்டுக்கும் நடுவே முடிந்த அளவு இடைவெளி விடுங்கள். எனக்குத் தனி ஆன்டெனாதான் பிடிக்கும். ஒன்று முறிந்தால் மற்றதை மாற்றிச் சொருகிக் கரை வரலாம்.

கச்சான்

செட்டு மாத்துறதாருந்தா டி.எஸ்.சி. உள்ளதா வாங்கு. மூடிக்கு அடியில சிவப்பு பட்டன் இருக்கும். சில நொடி அமுக்கிப் பிடிச்சா 70-ஆம் சானல்ல உன் போட்டுக்குத் தந்த எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் ஜி.பி.எஸ் நிலையும் தானா போவும். சுத்தி நிக்கிற கப்பல்ல அலாரம் அடிக்கும். ஸ்ராங்குக்கு (போட் ஓட்டுறவனுக்கு) இங்கிலீஷ் வரலன்னாலும், கப்பல்காரன் பிலிப்பினோவா இருந்தாலும், இடம் தெரிஞ்சிரும். ஆனா ஜி.பி.எஸ் வயர செட்டோட இணைக்காம விட்டா நிலை போவாது. அத ஒரு பயலும் இணைக்கிறதில்ல.

சின்னமுட்டம்77

செரி, ஏ.ஐ.எஸ் சண்டையில நான் பாதி தோத்தேன்னு வச்சிக்கிடுங்க. ஒரு கேள்வி. தூண்டில் முனையில கெட்டுறதுக்கு சீனாவுல இருந்து சின்ன ஏ.ஐ.எஸ் மிதவை வருதே, ராத்திரி தேட சுகமா இருக்குமே?

நாகர்கோவில்_ஹாம்

அந்த அலைவரிசை படகுக்கும் கப்பலுக்கும் உள்ளது. தூண்டில் மிதவைக்கு அதில் உரிமம் கிடையாது. ஏதோ ஒரு ஒன்பது இலக்க எண்ணைப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். கப்பல்காரன் அதைப் படகு என்று நினைத்து விலகுவான், விலகி உங்கள் மேல் வருவான். நாலு நாள் இப்படி ஏமாந்தவன் ஐந்தாம் நாள் நிஜப் படகையும் மிதவை என்றே நினைப்பான். விளக்கு மிதவையே போதும்.

வள்ளவிளைக்காரன்

முடிவு பண்ணியாச்சு. மொதல்ல கேபிளும் ஆன்டெனாவும், தனி பேட்டரி. பொறவு டி.எஸ்.சி. செட்டு. மிச்சம் இருக்க பைசாவுக்கு 5 வாட் ஏ.ஐ.எஸ்-ஸா ஈபெர்ப்பான்னு அப்பாவும் மச்சானும் இன்னும் சண்ட போடுறாங்க.

கடைசியா ஒண்ணு. கொச்சியில தெரிஞ்ச ஆளு ஒருத்தர் உபயோகிச்ச டி.எஸ்.சி. செட்டு பாதி விலைக்குத் தாறேன்ங்கார். வாங்கலாமா?

தூத்தூர்_ஸ்ராங்கு

லட்சத்தீவு தாண்டுகிறவன் ஈபெர்ப் வாங்கட்டும். ஏ.ஐ.எஸ் அடுத்த பருவம். அதுவரைக்கும் காவலுக்கு ஒருவனுக்குப் பதில் இருவர்.

கச்சான்

ஸ்ராங்கு ஐயாவோட இதுல நான் ஒத்துக்கிட மாட்டேன். ஈபெர்ப் அடிபட்ட பொறவு கத்துறது. ஏ.ஐ.எஸ் அடிபடாம இருக்க. கப்பல் பாதையில ராத்திரி கெடக்குற தொழிலுக்கு ஏ.ஐ.எஸ்தான் முந்தி.

ஏரியல்அண்ணன்

பழைய செட்டு வாங்குறதுன்னா, மெனுவுல போய் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணப் பாரு. 419-ல தொடங்குற ஒம்பது எண்ணு ஏற்கெனவே இருந்தா அது பழைய போட்டோட எண்ணு. பல செட்டுல ஒரு தடவ போட்டா பொறவு நாமளா அழிக்க முடியாது, கம்பெனி சர்வீஸ்ல குடுத்துத்தான் மாத்தணும். மாத்தாம நீ சிவப்பு பட்டன அமுக்குனா, காவல்படை கொச்சிக்காரன் வீட்டுக்கு போன் போடும். அவன் வீட்டுல உக்காந்து டி.வி. பாத்துட்டிருப்பான். எண்ண மாத்தித் தந்தா மட்டும் பைசா குடு.